பத்துக்கு எத்தனை

மேஜர் மதிவாணன் எங்களிடம் கேட்டது ஒரே ஓர் எண்ணைத்தான்.

வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கவும் ஆறு கடக்கவும் அவர் படைப்பிரிவில் ரப்பர் படகு வைத்திருக்கிறார்கள். அதைத் தனியாக ஓட்டும் அளவுக்குத் தேற ஒரு சிப்பாய்க்குத் தண்ணீரில் பத்து மணி நேரம் பிடிக்கிறது. எங்கள் சிமுலேட்டரில் ஒரு வாரம் பழகிவிட்டு அப்புறம் தண்ணீரில் இறங்கினால் அந்தப் பத்தில் எத்தனை மணி நேரம் மிச்சமாகும்? சோதனை தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கடைசியில் வரும் விடை, நாங்கள் சொன்னதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகினால் இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான் நிபந்தனை.

"எல்லாக் கம்பெனியும் ஏழு, எட்டுன்னு சொல்றாங்க. தண்ணில எறக்கினா ஒண்ணுகூடத் தேற மாட்டேங்குது," என்றார் மேஜர். "எனக்கு மொதல்ல நம்புற மாதிரி ஒரு நம்பர் வேணும். மெஷின் அப்புறம்."

அந்த எண்ணைக் கணக்குப் போடுவது என் வேலை. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்கள் கடற்கரை ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நேர்முகத் தேர்வில் என் பெயரைக் கேட்டபோது நான் "கவிநிலா" என்றது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. இரண்டாம் முறையும் சேரவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்.

கம்பெனி சிராஜுதீன் பாயுடையது. தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் அவர் பாய்தான். இருபது வருடமாக அவர் செய்துகொண்டிருந்தது, காசு போட்டால் ஆடும் யானையும் விமானமும். பொருட்காட்சியிலும் பெரிய கடைகளின் வாசலிலும் குழந்தைகள் ஏறி உட்கார்ந்து ஆடுமே, அவை. யானையை ஆட்டும் அதே மோட்டாரைக் கொஞ்சம் பெரிதாக்கிப் படகையும் ஆட்டலாமே என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியதில் பிறந்ததுதான் சிமுலேட்டர் பிரிவு. இந்த ஆர்டர் வராவிட்டால் பிரிவை மூடிவிட்டு மறுபடி யானைக்கே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார். யானைக்குப் புள்ளியியல் தேவையில்லை.

பிரிவு என்றால் மூன்று பேர். பாயைச் சாச்சா என்று கூப்பிடும் அவர் அண்ணன் மகள் கனீஸ் பாத்திமா நிரல் எழுதுவாள். ராஜ்கமல் அண்ணன் திரையில் தெரியும் தண்ணீர், வானம், கரை எல்லாவற்றையும் வரைவார். யானைக்குப் பெயின்ட் அடித்த காலத்திலிருந்து பாயிடம் இருப்பவர். மூன்றாவது நான்.

இயந்திரத்தை நாங்கள் 'படகு' என்றுதான் சொல்வோம். நிஜ ரப்பர் படகின் பின்பாதியை ஆடும் மேடைமேல் வைத்திருக்கும். பின்னால் மோட்டாரின் கைப்பிடி. முன்னாலும் இரண்டு பக்கமும் பெரிய திரைகள். ஒரு மூலையில் மேசை விசிறி, கடல் காற்றுக்காக. படகு கவிழ்ந்தால் மேடை ஒரே சாய்வாகச் சாய்ந்து ஒரு பீப்பி ஊதும். பழைய விமானத்திலிருந்து கழற்றிய பீப்பி.

மேஜர் ஆறு சிப்பாய்களை அனுப்பியிருந்தார். ஐந்து பேர் ராஜஸ்தான், ஹரியானா பக்கம். ஆறாவது ஆள் சிலம்பரசன், தர்மபுரிக்காரன். யாரும் அதற்குமுன் படகில் ஏறியதில்லை. இன்னும் ஆறு பேரை, இயந்திரத்தைக் கண்ணில் காட்டாமல், மேஜர் தன்னிடமே வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பன்னிரண்டு பேரையும் பக்கத்தில் நோணாங்குப்பம் கழிமுகத்தில் இறக்கி இரண்டு அணிகளையும் ஒப்பிடுவதாகத் திட்டம்.

வந்த முதல் நாள் பீப்பி நிற்கவே இல்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓர் ஆள் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பாதியானது. மூன்றாம் நாள் எப்போதாவது ஒன்று. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சிலம்பரசன் ஒரு தடவைகூடக் கவிழாமல் முழுச் சுற்றையும் முடித்துவிட்டான். மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஆடாமல் நின்ற யானைமேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்.

படகு ஓட்டுவதில் நான்கு வேலைகள் உண்டு. நேராகப் போவது, மிதவையைச் சுற்றித் திருப்புவது, கரையில் இடிக்காமல் அணைப்பது, பக்கவாட்டில் வரும் அலைக்கு மூக்கைத் திருப்பிக் கொடுப்பது. பத்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குவது இந்த நான்காவதுதான். ஒவ்வொரு வேலையையும் இவர்கள் எங்கள் படகில் எவ்வளவு கற்றார்கள், நிஜத்தில் அது எவ்வளவு நேரம் பிடிக்கும், இரண்டையும் வைத்துப் போட்டால் கணக்கு ஐந்து என்று வந்தது. பத்துக்கு ஐந்து.

பாய்க்கு அது காதில் விழுந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேஜருக்குப் போன் போட்டு, அஞ்சு சார், எங்க பொண்ணு போட்ட கணக்கு, தப்பாது என்று சொல்லிவிட்டார். மேஜர், சந்தோஷம், ஆனால் திங்கட்கிழமை காலையில் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றாராம். பாய் அதையும் சந்தோஷமாகவே எங்களிடம் சொன்னார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நான்காவது வேலையின் வரைகோடு எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற மூன்றும் ஏறி இறங்கி, தடுக்கி, மறுபடி ஏறி, மனிதர்கள் கற்கிற மாதிரி இருந்தன. இது மட்டும் இரண்டாம் நாளில் சட்டென்று மேலே போய் அப்படியே நின்றது. இருப்பதிலேயே கடினமான வேலை இருப்பதிலேயே சுலபமாக வந்திருந்தது.

சிலம்பரசனிடம் போய், அலை வருவது எப்படி முன்னாலேயே தெரிகிறது என்று கேட்டேன். கேட்க அரைநாள் ஆனது. கனீஸ் என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

"தெரியல மேடம். கை தானா போவுது," என்றான். மறைக்கிற முகமாக இல்லை. அவனுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் என் மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறேன் என்று அறிவித்துவிட்டுக் கறுத்துப்போனது. பட்டறையில் காலியாக இருந்த ஒரே பிளக் நடுத்திரைக்குப் பக்கத்தில்தான். அதனால் நான் எப்போதும் சிப்பாய்களுக்கு எதிர்முகமாகத்தான் உட்காருவேன். ஆனால் என் கண் கணினியை விட்டு நகராது. முன்பின் தெரியாதவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஆகாத காரியம். அன்றைக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. முகங்களைப் பார்த்தேன்.

ஓட்டிக்கொண்டிருந்த சிப்பாயின் கண் தண்ணீரில் இருந்தது. சட்டென்று வலது பக்கம் மேலே போனது. உடனே கை திரும்பியது. அப்புறம்தான் மேடை ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கம் மேலே. கை. ஆட்டம். அடுத்தவர் ஏறினார். அதே மாதிரி. மூன்றாவது ஆளும் அதே மாதிரி. அலை தண்ணீரில் அல்லவா வரும். இவர்கள் ஏன் வானத்தைப் பார்க்கிறார்கள்?

எழுந்து போய்ப் படகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். வலது மூலையில் ஒரு கொக்கு பறந்தது. வலது பக்கத்திலிருந்து அலை வந்தது. இடது மூலையில் ஒரு கொக்கு. இடது அலை. அழகான கொக்கு. காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு, இறகின் ஓரத்தில் வெயில் பட்டு, நிஜம் மாதிரியே இருந்தது.

சிப்பாய்கள் டீ குடிக்கப் போனதும் கனீஸிடம் கொக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உட்கார்ந்து நிரலில் ஒரே ஒரு வரியை அணைத்தாள்.

"சாச்சா கேட்டா நான் எடுக்கலடி. கொக்கு அதுவா பறந்து போச்சுன்னு சொல்லிடு," என்றாள்.

டீ குடித்துவிட்டு வந்த சிலம்பரசனிடம் எதுவும் சொல்லாமல் ஓட்டச் சொன்னோம். முதல் அலையிலேயே பீப்பி ஊதியது. இரண்டாவதிலும் ஊதியது. மூன்றாவதில் அவன் கைப்பிடியைப் புதிதாகப் பார்க்கிறவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீயில் ஏதோ இருந்தது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் ஏறினார்கள். பட்டறை முழுக்க பீப்பிச் சத்தம். பக்கத்துப் பட்டறை ஆள் மறுபடி வந்து எட்டிப் பார்த்தார்.

ஆறு பேரும் நான்கு நாளில் கற்றது படகு ஓட்டுவதல்ல. கொக்கு பார்ப்பது. நோணாங்குப்பத்தில் கொக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை அலையைப் பார்த்துப் பறப்பதில்லை.

ராஜ்கமல் அண்ணனிடம் யார் சொல்வது என்று கனீஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கனீஸ்தான் சொன்னாள். அவருக்கு முதலில் புரியவில்லை. கொக்கு நன்றாக இல்லையா என்று கேட்டார். இறகுக்கு மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்தாராம். நன்றாக இருக்கிறது, அதுதான் சிக்கல் என்றாள் கனீஸ். கொக்கை ஏன் அலைக்கு முன்னால் விட்டீர்கள் என்று நான் கேட்டேன். காற்றுக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். ஆனால் அவருக்குக் கேட்டது.

"முன்னாடி ஏதாச்சும் காட்டணும்ல?" என்றார். "திடீர்னு குலுக்கினா அழுவாங்க."

யார் அழுவார்கள் என்று கனீஸ் கேட்டாள். அவர் எங்களை அழைத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்ற யானையில் காசைப் போட்டார். யானை ஆட ஆரம்பித்தது. பெரிய குலுக்கல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அதன் காது படபடவென்று அடித்தது. காட்டிவிட்டு நிமிர்ந்தவர், தானே யோசித்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சிப்பாய் அழ மாட்டான்ல," என்றார் மெல்ல.

பாய் அப்போதுதான் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ராஜ்கமல் அண்ணன்மேல் பாய்வார் என்று நினைத்தோம். அவர் யானையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தானாம். முதன்முதலில் செய்த யானையைப் பொருட்காட்சியில் வைத்தபோது, ஏறிய குழந்தையெல்லாம் முதல் குலுக்கலிலேயே அலறியதாம். அம்மாக்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அன்றைக்கு ஏற்பட்ட விதி. குலுக்குவதற்கு முன்னால் காது அசைய வேண்டும், விமானம் என்றால் விளக்கு சிமிட்ட வேண்டும், குதிரை என்றால் கனைக்க வேண்டும். இருபது வருடம் அதைச் செய்த கை படகிலும் அதையே செய்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பாய் உடனே மேஜருக்குப் போன் செய்து இன்னும் மூன்று நாள் பயிற்சிக்குக் கேட்டார். மேஜர் காரணம் கேட்டார். பாய், சும்மாதான் சார், இன்னும் கொஞ்சம் மெருகேத்தலாம்னு என்றார். பயிற்சிக் காலம் வெள்ளியோடு முடிகிறது, திங்கள் காலை படகு தயாராக இருக்கும் என்று சொல்லி மேஜர் போனை வைத்துவிட்டார். மிச்சமிருக்கும் ஒரே நாளில் அந்தப் பழக்கம் போகாது, அவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் சோதனையே கெடும். ஆக, அந்த ஆறு பேர், கொக்கோடு பழகியபடிதான் தண்ணீரில் இறங்கப்போகிறார்கள். என் எண் அவர்களுக்கானது.

வெள்ளி முழுக்கக் கணக்குப் போட்டேன். நான்காவது வேலையை அடியோடு எடுத்துவிட்டேன். மிச்ச மூன்றுக்கும் இரண்டரை மணி நேரம் வந்தது. கற்றுக்கொண்டதை மறப்பதற்கும் நேரம் பிடிக்கும். முதல் நாள் முழுக்க இவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே பழகாத அணியைவிட மோசமாக நனைவார்கள். அதற்கு அரை மணி நேரம் கழித்தேன். இரண்டு.

பாய் அறையில் போய்ச் சொன்னேன்.

"ரெண்டா? ரெண்டுன்னா எவன் வாங்குவான்?" என்றார்.

அவர் நாலில் ஆரம்பித்தார். நான் இரண்டு என்றேன். மூன்றரைக்கு வந்தார். தலையை ஆட்டினேன். அவருடைய வாப்பா பெரிய மார்க்கெட்டில் துணி வியாபாரம் செய்தவர். பேரம் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"இத பாரும்மா. ஒரு மணி நேரம் முன்னப்பின்ன இருக்கலாம்னு அவரே சொல்லிட்டாரு. மூணுன்னு சொல்லு. நீ சொல்ற ரெண்டே வந்தாலும் பாஸ்தான. நமக்கும் மூணுன்னு சொன்னா கொஞ்சம் மரியாத."

புத்திசாலித்தனமான யோசனைதான். ஒன்றரை வந்தால் போய்விடுமே என்று சொல்லலாம். ஆனால் அதுவல்ல என் தயக்கம். இரண்டு என்று கணக்கு சொல்லும்போது நான் மூன்று என்று சொன்னால், அது கணக்கில்லை. மேஜருக்கு ஏழும் எட்டும் சொன்னவர்களும் இப்படித்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்திருப்பார்கள். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு நீளமாகப் பேச வராது.

"ரெண்டு பாய்," என்றேன்.

நான் அவர் மேசையிலிருந்த குட்டி விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. ஆனா என் வாயால நான் சொல்ல மாட்டேன். அஞ்சுன்னு சொன்ன வாயி. நீயே மேஜர்கிட்ட சொல்லு. காரணத்தோட சொல்லு."

கணக்குப் போடுவதைவிட இதுதான் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். தண்டனையாகச் சொன்னாரா, என் மனம் மாறட்டும் என்று சொன்னாரா தெரியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அதைச் சொல்லிப் பார்த்தேன். பத்துக்கு ரெண்டு சார். காரணம் ஒரு கொக்கு சார். கண்ணாடி முன்னால் சொன்னபோதே கண்ணாடிக்குக் கேட்டிருக்காது.

திங்கட்கிழமை காலை நோணாங்குப்பம் போட் ஹவுஸ் வழக்கம்போல ஜேஜே என்றிருந்தது. பாரடைஸ் பீச் போகிற படகுகளுக்கு டிக்கெட் வாங்கிய கூட்டம் ஒரு பக்கம். ராணுவத்துக்காகக் கயிறு கட்டி ஒதுக்கிய படகுத்துறை இன்னொரு பக்கம். பன்னிரண்டு சிப்பாய்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். மேஜர் துறையின் கடைசியில், மோட்டாரை ஓடவிட்டு நின்றிருந்த ரப்பர் படகுக்குப் பக்கத்தில் நின்றார். பாய் என் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். கனீஸ் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மேஜரிடம் போய்ச் சொன்னேன். மோட்டார் சத்தத்தில் என் உதடு அசைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். காதில் கை வைத்துக்கொண்டு குனிந்தார். மறுபடி சொன்னேன். அஞ்சுதானே என்று விரலைக் காட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் இன்னும் குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் ஒரு மேஜரின் காதைப் பார்த்ததில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினேன். அதே நொடியில் யாரோ மோட்டாரை அணைத்தார்கள்.

"ரெண்டு சார்! பத்துக்கு ரெண்டுதான்! கொக்கப் பாத்துத் திருப்புறாங்க சார், அலையப் பாத்து இல்ல!"

போட் ஹவுஸ் முழுக்க அது கேட்டது. அந்தப் பக்க டிக்கெட் வரிசையில் ஒரு அம்மா, "யாருக்கு ரெண்டு? நாங்கதான் முன்னாடி நிக்கிறோம்," என்றார். கூட்டம் சிரித்தது. சிப்பாய்கள் வரிசையில் சிலம்பரசனின் வாய் மெல்லத் திறந்தது.

மேஜர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு தென்னை மரத்தடிக்கு அழைத்துப் போய் முழுவதையும் கேட்டார். அங்கே சத்தம் இல்லாததால் என் வழக்கமான குரலே போதுமாக இருந்தது. யானையின் காது வரைக்கும் சொன்னேன். முதல் நாள் இவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருப்பார்கள் என்றும் சொன்னேன். அவர் ரெண்டு என்று திரும்பச் சொல்லி, ஒருமுறை தலையசைத்துவிட்டு, படகுகளை இறக்கச் சொன்னார்.

காலை முழுக்க நான் சொன்னபடியே நடந்தது. இன்னொரு படகு குறுக்கே வேகமாகப் போய் அலை கிளப்பிக் கொடுத்தது. எங்கள் அணி மிதவையை அழகாகச் சுற்றியது, கரையில் பூப்போல அணைந்தது, அலை வந்ததும் தொப்பலாக நனைந்தது. ஹரியானாக்காரர் ஒருவர் இரண்டு முறை தண்ணீருக்குள்ளேயே போய்விட்டு வந்தார். மற்ற அணி துறையில் உட்கார்ந்து கைதட்டியது. பாய் ஒவ்வொரு நனைதலுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். கணக்கு சரியாக வரும்போது இவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் மாறியது. எங்கள் அணி நனையவில்லை. அதாவது, புதிதாகக் கற்கிற எல்லோரும் நனைகிற அளவுக்கு மட்டும் நனைந்தது. கண்கள் தண்ணீரிலேயே இருந்தன. ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும் என்று நான் சொன்ன மறதி ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிந்துபோயிருந்தது. எனக்குப் புரியவில்லை. ராத்திரி படுத்தும் புரியவில்லை.

மறுநாள் காலை சிலம்பரசனே வந்து சொன்னான். நான் கத்தியது அவன் காதில் விழுந்ததாம். வரிசையில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் மற்ற ஐந்து பேருக்கும் இந்தியில் சொல்லிவிட்டானாம். பறவையைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். ஆறு பேரும் தட்டைத் தட்டிச் சிரித்தார்களாம். சிரித்ததோடு கொக்கு போய்விட்டது.

சோதனை வாரக் கடைசியில் முடிந்தது. படகுத்துறையில் நாற்காலி போட்டு மேஜர் விடையைச் சொன்னார். மிச்சமான நேரம் இரண்டரை மணி. நாங்கள் சொன்னது இரண்டு. ஒரு மணி நேரத்துக்குள் அடக்கம்.

பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்தே விட்டார். மேஜர் என் பக்கம் திரும்பி அந்த அரை மணி நேரம் எங்கே தவறியது என்று கேட்டார்.

"நான்தான் சார் காரணம்," என்றேன். "கொக்க மறக்க அரை மணி நேரம் போட்டிருந்தேன். நான் கத்தினதுல அவங்களுக்கே விஷயம் தெரிஞ்சிடுச்சு."

மேஜர் அன்றைக்குச் சிரிக்காததற்கும் சேர்த்து இப்போது சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை சத்தமாகப் பேசினேன், அதில் என் சோதனையை நானே கெடுத்துக்கொண்டேன்.

சிரித்து முடித்துவிட்டு மேஜர் நேராக விஷயத்துக்கு வந்தார். இரண்டரை மணி நேரத்துக்காக ஓர் இயந்திரத்தை வாங்க முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். பாய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் இதுவரை வந்த கம்பெனிகளில் சொன்ன எண்ணும் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது இங்கேதான் என்றார். அடுத்த மாதம் புதிதாக ஆறு பேரை அனுப்புவதாகவும், இயந்திரத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓர் எண்ணைச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

"இப்பவே ஒரு அந்தாசா சொல்லுங்களேன். கொக்கு இல்லாம எவ்வளவு வரும்?"

பாய் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே நான்கு விரலை நீட்டியது எனக்குத் தெரிந்தது. ஒரு நொடி கழித்து கட்டை விரலும் சேர்ந்தது.

"தெரியாது சார்," என்றேன். "ஆளுங்கள அனுப்புங்க. ஒரு வாரம் பாத்துட்டு சொல்றேன்."

மேஜர் சரி என்று கை நீட்டினார். பாயிடம் அல்ல, என்னிடம். அடுத்த தடவை என்னிடமே போனில் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். போனில் எனக்கு இன்னும் குறைவாகத்தான் பேச வரும் என்பதை நான் சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் ராஜ்கமல் அண்ணன் முன்னால் உட்கார்ந்து, பறக்காத ஒன்றை வரையலாமா என்று கனீஸிடம் கேட்டுக்கொண்டு வந்தார். எதுவுமே வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று அவள் அடம்பிடித்தாள். கரையில் ஒரு நாயாவது இருக்கட்டும், படுத்தே கிடக்கட்டும் என்றார் அவர். பாய் எனக்குப் பின் இருக்கையில் இருந்தார். அரியாங்குப்பம் வந்ததும் மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"மூணுன்னு சொல்லியிருந்தாலும் பாஸ்தான். ரெண்டரைதான வந்துது."

"ஆமா பாய்."

"சும்மா சொன்னேன்." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சாய்ந்தார். "சரி, மேஜர்கிட்ட சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லு. உன் மனசுல எவ்ளோ இருக்கு? நாலரை?"

"இன்னும் கணக்குப் போடல பாய்."

"மூணுக்கு மேலயா கீழயா, அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்று வேலைகளுக்கு இரண்டரை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அலையில் கொஞ்சம் கற்றால்கூடப் போதும். இது எண் இல்லை, திசைதான். திசையைச் சொல்வதில் தவறில்லை.

"மேல," என்றேன், வேன் முருங்கப்பாக்கம் வந்தபோது.

வேன் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இருக்கையில் சாய்ந்து, யானைப் பட்டறை ஆட்களில் இரண்டு பேரை நாளையிலிருந்து எங்கள் பக்கம் மாற்றிவிடும்படி கனீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.